அட்டவணையில் விட்டுப்போன வரிகள்

அபுதாபி, துபாய், ரியாத், அம்மான், கெய்ரோ என்று அரபு நாடுகளின் மின்துறையில் வேலை பார்க்கும் தமிழ்ப் பொறியாளர்களுக்கு,



உங்களில் சிலரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். ஒரே கேபினில் உட்கார்ந்து, ஒரே டப்பாவிலிருந்து பகிர்ந்து சாப்பிட்டிருக்கிறோம். மற்றவர்களுக்கு நான் முகம் தெரியாதவன். வளைகுடாவில் இருபத்து மூன்று ஆண்டுகள் மின்பொறியாளனாக இருந்தேன். சப்ஸ்டேஷனில் தொடங்கி, நடுவில் நான்கு வருடம் ஒரு கன்சல்டன்சியில் அறிக்கை எழுதி, கடைசியில் சூரிய மின் நிலையப் பராமரிப்பில் முடித்துக்கொண்டு ஊர் திரும்பினேன். இந்த மடலை எழுத வைப்பது அந்த நான்கு வருடம்தான்.

2012-இல் ஓர் அரபு நாட்டுக்காக எங்கள் அலுவலகம் ஒரு அறிக்கை தயாரித்தது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மின்சாரத்துக்கு எதை நம்புவது என்பது கேள்வி. எந்த நாடு, எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. என் கையில் வந்தது ஒரு அட்டவணை. அணு, எரிவாயு, சூரியன் என்று மூன்று பத்திகள். ‘இரவு நேர உற்பத்தி’ என்ற வரியில் சூரியனுக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பேட்டரி இல்லாத சூரியத் தகடுகளுக்கு அது அன்றைக்கு உண்மைதான். ஆனால் அணு உலையின் செலவு வரியில், கட்டி முடிக்கும்வரை ஏறும் வட்டி சேர்க்கப்படவில்லை. தாமதமானால் என்ன ஆகும் என்ற வரியே இல்லை. கேட்டேன். “கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்” என்றார் மேலே இருந்தவர். என் விசா அந்தக் கம்பெனியின் கையில் இருந்தது. மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கையும் அந்த வருடம்தான். வாயை மூடிக்கொண்டேன்.

அன்று நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். சவூதியில் முதல் உலைக்கான பேச்சு வருடக்கணக்காக நடக்கிறது. எகிப்தில் நான்கு உலைகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஏதோ ஒரு மேசையில், ஏதோ ஒரு எக்செல் தாளில், அதே அட்டவணை மறுபடி திறக்கப்படும். அதை நிரப்பப்போவது பெரும்பாலும் நீங்கள்தான். அதனால்தான் உங்களிடம் நேராகப் பேசுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அபுதாபியின் பராக்கா அணுமின் நிலையத்தை மூடச் சொல்ல நான் வரவில்லை. அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் இதைப் படித்து மனம் வருந்த வேண்டாம். நான்கு உலைகள், 5,600 மெகாவாட், அமீரகத்தின் மின்தேவையில் கால்வாசி. புழுதிப்புயல் அடித்தாலும் நள்ளிரவானாலும் ஒரே சீராக ஓடுகிறது. எரிவாயு எரிப்பதை அந்த அளவுக்குக் குறைத்திருக்கிறது. கட்டி முடித்து, நன்றாக ஓடும் உலையை நிறுத்துவது விவேகமல்ல. நான் பேசுவது இனிமேல் கட்டப்போகும் உலைகளைப் பற்றி.

பராக்காவின் தேதிகளை ஒருமுறை பாருங்கள். 2009 டிசம்பரில் தென்கொரியாவின் கெப்கோ நிறுவனத்தோடு ஒப்பந்தம். 2012 ஜூலையில் கட்டுமானத் தொடக்கம். முதல் உலை 2017-இல் ஓடும் என்றார்கள். கிரிட்டில் சேர்ந்தது 2020 ஆகஸ்டில். நான்காவது உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2024 செப்டம்பரில். ஒப்பந்தத்திலிருந்து எண்ணினால் கிட்டத்தட்ட பதினைந்து வருடம். அதுவும் கையில் பணம் இருந்த அரசு, அனுபவமுள்ள கொரியர்கள், ஒரே வடிவமைப்பில் நான்கு உலைகள் என்று எல்லாம் கூடிவந்த இடத்தில். அணுமின் உலகில் இதை வெற்றிக்கதை என்றுதான் சொல்கிறார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். வெற்றிக்கே பதினைந்து வருடம் என்றால் மற்றவர்களுக்கு எத்தனை என்று நீங்கள் கேட்க வேண்டாமா?

அதே பதினைந்து வருடத்துக்குள் பக்கத்திலேயே என்ன நடந்தது என்பதை உங்களில் பலர் கையால் தொட்டே பார்த்திருக்கிறீர்கள். துபாயின் முகமது பின் ராஷித் சூரியப் பூங்கா 2013-இல் வெறும் 13 மெகாவாட்டில் தொடங்கியது. இரண்டாம் கட்டத்துக்கு 2015-இல் கிடைத்த விலை யூனிட்டுக்கு ஆறு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. அன்றைக்கு அதை உலகமே வியந்தது. ஐந்தாம் கட்டத்தில் 1.7 சென்ட். ஸ்வெய்ஹானில் நூர் அபுதாபி சூரிய மின் நிலையம் 1,177 மெகாவாட்டோடு 2019-இல் ஓடத் தொடங்கியது. 2021-இல் சவூதியின் ஷுஐபாவில் 1.04 சென்ட். ஒரு உலைக்குக் கான்கிரீட் காய்ந்துகொண்டிருந்த காலத்துக்குள் சூரிய மின்சாரத்தின் விலை ஆறிலிருந்து ஒன்றுக்கு வந்துவிட்டது. 2012-இல் நான் நிரப்பிய அட்டவணையில் இதற்கு இடமே இருக்கவில்லை. அன்றைய விலையை முப்பது வருடத்துக்கும் அப்படியே நீட்டியிருந்தோம்.

“சரி அண்ணா, ராத்திரி?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானே பல வருடம் கேட்ட கேள்வி.

2025 ஜனவரியில் அபுதாபியில் மஸ்தார் நிறுவனம் ஒரு திட்டத்தை அறிவித்தது. 5.2 ஜிகாவாட் சூரியத் தகடுகள், 19 ஜிகாவாட் மணி பேட்டரி. இரண்டையும் சேர்த்து, இருபத்து நான்கு மணி நேரமும் 1 ஜிகாவாட் விடாமல் தரவேண்டும். செலவு ஏறத்தாழ 600 கோடி டாலர். 2027-க்குள் முடிப்பதாகத் திட்டம். இனி கணக்குப் போடுங்கள். பராக்காவுக்கு 2016-இல் நிதி ஏற்பாடு ஆனபோது சொன்ன தொகை 2,440 கோடி டாலர். ஒரு ஜிகாவாட்டுக்கு 436 கோடி. ஆக மேலோட்டமாகப் பார்த்தால் இரவும் பகலும் தரும் சூரியனைவிட அணுதான் மலிவு. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நீங்களும் மறைக்காதீர்கள்.

ஆனால் எகிப்தின் கணக்கைப் போடுங்கள். எல் தபாவில் ரஷ்யாவின் ரோசாட்டம் கட்டும் நான்கு உலைகளுக்கு 4,800 மெகாவாட். ரஷ்யா தரும் கடன் 2,500 கோடி டாலர், வட்டி 3 சதவீதம். அது மொத்தச் செலவில் 85 சதவீதம். அப்படியானால் மொத்தம் 2,900 கோடிக்கு மேல் போகும். ஒரு ஜிகாவாட்டுக்கு 600 கோடிக்குச் சற்று அதிகம். மஸ்தார் இருபத்து நான்கு மணி நேர மின்சாரத்துக்குச் சொன்ன, கிட்டத்தட்ட அதே தொகை! எல் தபாவின் இந்தத் தொகையில் எரிபொருள் செலவு இல்லை, கழிவைப் பாதுகாக்கும் செலவு இல்லை, ஆயுள் முடிந்தபின் உலையைப் பிரித்தெடுக்கும் செலவும் இல்லை. மறுபக்கம், உலை அறுபது வருடம் ஓடும், பேட்டரியை அதற்குள் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டிவரும் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அடுத்த பேட்டரி இன்றைய விலையில் இருக்காது, குறையும் என்பது என் எதிர்பார்ப்பு. அடுத்த உலையைப் பற்றி அப்படிச் சொல்ல என்னால் முடியாது.

எல் தபா என்ற கடற்கரையை அணுமின் நிலையத்துக்கென்று குறித்தது 1980-களில். ரஷ்யாவோடு ஒப்பந்தம் 2015 நவம்பரில். முதல் உலையின் கட்டுமானம் தொடங்கியது 2022 ஜூலையில். அதற்கு அடுத்த இரண்டு கோடைகளிலும் எகிப்து மக்கள் தினம் தினம் மின்வெட்டில் தவித்தார்கள். கெய்ரோவில் இருந்த நண்பர் ஒருவர் அப்போது என்னிடம் சொன்னது லிஃப்டைப் பற்றி. எந்த மணிக்குக் கரண்ட் போகும் என்று பார்த்து, அதற்கு முன்னால் மாடி ஏறிவிட வேண்டும்; வயதான அம்மாவைக் கீழே கூட்டிவருவதையே விட்டுவிட்டார். இத்தனைக்கும் அதே நாட்டில், அஸ்வான் பக்கம் பென்பனில் 37 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சூரியப் பூங்கா 2019-லேயே முழுமையாக ஓடத் தொடங்கியிருந்தது. அதைப்போல இன்னும் நான்கும், அவற்றோடு பேட்டரியும் அந்தக் கோடைக்குள் வந்திருக்க முடியாதா? 2030-க்கு வரப்போகும் மின்சாரத்தால் 2023-இன் லிஃப்ட் ஓடாது.

கூடங்குளத்தில் வேலை பார்த்துவிட்டு அரபு நாடுகளுக்குப் போனவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். கூடங்குளத்திலும் ரஷ்ய உலைதான். 1988-இல் ஒப்பந்தம், முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014-இன் கடைசி நாளில். சோவியத் உடைந்தது, அது இது என்று ஆயிரம் காரணம் உண்டு. ஒவ்வொரு உலைக்கும் இப்படி ஆயிரம் காரணம் இருக்கும். அதைத்தான் தாமதம் என்ற வரியில் எழுதச் சொல்கிறேன்.

இரவைப் பற்றி இன்னும் ஒன்று. ‘பேஸ் லோடு’ என்ற சொல்லை நாம் பாடப்புத்தகத்தில் படித்தபடியே சொல்லிக்கொண்டிருக்கிறோம். வளைகுடாவின் லோடு எது? ஏசிதான். கோடையில் மின்சாரத்தின் பெரும்பங்கு குளிரூட்டவே போகிறது. எந்த நேரத்தில் வெயில் கொளுத்துகிறதோ அந்த நேரத்தில்தான் தேவையும் ஏறுகிறது. சூரியனோடு இவ்வளவு ஒத்துப்போகும் லோடு உலகில் வேறெங்கே இருக்கிறது? சிக்கல் கூடுவது மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை. கட்டடச் சுவர்கள் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை அப்போதுதான் உள்ளே விடுகின்றன. அந்த ஆறேழு மணி நேரத்துக்கு மின்சாரத்தைத்தான் சேமிக்க வேண்டும் என்பதில்லை. குளிர்ச்சியையே சேமிக்கலாம். துபாயில் டிஸ்ட்ரிக்ட் கூலிங் நிலையங்களின் பக்கத்தில் நிற்கும் பெரிய தொட்டிகளை நீங்கள் தினமும் கடந்து போகிறீர்கள். உள்ளே இருப்பது குளிர்ந்த நீர். மதியம் மலிவான மின்சாரத்தில் குளிர்வித்து வைத்தால் இரவில் கட்டடங்களுக்கு அனுப்பலாம். குடிநீரும் அப்படித்தான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்ஓ ஆலையைப் பகலில் முழுவேகத்தில் ஓட்டி நீரைச் சேமிக்கலாம். லிவா பாலைவனத்தின் அடியில் அபுதாபி 2.6 கோடி கன மீட்டர் நன்னீரைத் தேக்கி வைத்திருக்கிறது; பத்து லட்சம் பேருக்குத் தொண்ணூறு நாள் வரும் என்கிறார்கள். அது ஆபத்துக் காலத்துக்கு என்று வைத்தது. ஆனால் நீரைச் சேமிக்கத் தெரிந்த ஊருக்கு இரவைக் கண்டு இவ்வளவு பயம் எதற்கு?

குளிர்காலத்தையும் பாருங்கள். ஜனவரியில் ஏசி ஓய்ந்து தேவை பாதிக்கும் கீழே இறங்கும்போது, முழுவேகத்தில் ஓடவேண்டிய உலையும் மதிய வெயிலில் தளும்பும் சூரிய மின்சாரமும் ஒன்றையொன்று இடிக்கும். ஒரு நாடு இரண்டையும் அளவுக்கு மீறிக் கட்டிவிட்டு, பிறகு எதை நிறுத்துவது என்று விழிக்கக் கூடாது. முன்கூட்டியே சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

சூரியனின் குறைகளை மறைத்து எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. என்னைவிட அந்தக் குறைகளோடு மல்லுக்கட்டியவர்கள் குறைவு. பாலைவனத்தில் வெயில் ஏறினால் மின்சாரமும் ஏறும் என்று ஊரில் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. ஜூலை மதியம் பேனல் 65 டிகிரிக்குப் போனால், 25 டிகிரியில் தருவதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்துத்தான் தரும். பேட்டரிப் பெட்டிகளுக்கே ஏசி போட வேண்டும். பிறகு புழுதி.

ஒரு மார்ச் மாத அதிகாலையை நான் மறக்க மாட்டேன். முந்தின நாள் முழுவதும் ஷமால் என்னும் புழுதிக்காற்று. இரவில் காற்று நின்று பனி இறங்கியது. ஐந்தரை மணிக்கு நான் பேனல் வரிசையில் நடந்து போனபோது கண்ணாடி மேல் புழுதியும் ஈரமும் குழைந்து சந்தனம் பூசியது போல இருந்தது. விரலால் இழுத்தால் கோடு விழுந்தது. வெயில் ஏறி அது காய்ந்துவிட்டால் சிமெண்ட் மாதிரி; ரோபோவின் பிரஷ் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். பரமக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவன், நான்கு ஆட்களோடு, வெயிலுக்கு முன்னால் முடிக்க ஓடி ஓடித் துடைத்தான். பத்து மணிக்கு இன்வெர்ட்டர் அறையில் திரையைப் பார்த்தோம். துடைத்த வரிசைக்கும் துடைக்காத வரிசைக்கும் நடுவே தெரிந்த வித்தியாசத்தைப் பார்த்து அவன் என் முகத்தைப் பார்த்தான். “சார், இது பூரா நாம துடைச்சதா?” என்று கேட்டான். அந்தத் தம்பியின் உழைப்புக்கு எந்த அறிக்கையிலும் ஒரு வரி கிடையாது. ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெட்டவெளியில் வேலை கூடாது என்று அமீரகத்தில் சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். காலை பதினோரு மணி வெயிலுக்கும் ஒரு கணக்கு வேண்டும். ஆட்களுக்கான நிழல், நீர், ஷிஃப்ட் நேரம், துடைக்கும் ரோபோ எல்லாவற்றையும் செலவில் சேர்த்துச் சொன்னாலும் சூரியன் தோற்காது. சேர்க்காமல் சொன்ன விலையை நான் மலிவு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜோர்தானையும் மறக்காதீர்கள். 2015-இல் ரோசாட்டமோடு இரண்டு உலைகளுக்கு ஒப்பந்தம், 1,000 கோடி டாலர். பணம் புரளவில்லை, 2018-இல் கைவிட்டார்கள். குடிக்கவே தண்ணீர் இல்லாத நாட்டில், உலையைக் குளிர்விக்கக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கொண்டுவரலாம் என்ற யோசனைவரை போனது. சூரியனும் காற்றும் அங்கே பிற்பாடு மின்சாரத்தில் கால்வாசிக்கு மேல் வந்தன. ஆனால் அதற்கு முன்பே, 2019-இல், புதிய பெரிய திட்டங்களை அரசு நிறுத்திவைத்தது, கிரிட் தாங்காது என்று. சேமிப்பும் மின்பாதையும் இல்லாமல் பேனலை மட்டும் அடுக்கினால் இதுதான் கதி. ஆகவே சூரியனைத் தனியாக அட்டவணையில் போடாதீர்கள். பேட்டரி, மின்பாதை, குளிர்நீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்த ஒரே பத்தியாகப் போடுங்கள். அப்போதுதான் அணுவோடு நேருக்கு நேர் நிறுத்த முடியும்.

கடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் கெடும். பராக்கா நிற்கும் வளைகுடாவின் சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர். வெளியே போக ஹொர்முஸ் என்ற ஒரே வாசல். கரையோர ஊர்கள் பலவும் அந்தத் தண்ணீரைத்தான் உப்பு நீக்கிக் குடிக்கின்றன; லேபர் கேம்பில் இருக்கும் நம் ஆட்களும்தான். 2019-இல் கத்தார், பராக்காவைப் பற்றிய தன் கவலையைச் சர்வதேச அணுசக்தி முகமைக்கே எழுதியது. அரசியல் இருக்கலாம், கவலை பொய்யல்ல. 2022 ஜனவரியில் அபுதாபியின் முஸஃபாவில் ட்ரோன் தாக்குதலில் மூன்று பேர் செத்தார்கள். இரண்டு பேர் இந்தியர்கள், ஒருவர் பாகிஸ்தானி. அதே ட்ரோன் ஒரு சூரியப் பூங்காவில் விழுந்தால் இரண்டு வரிசை பேனல் போகும், மறுநாள் மாற்றிவிடலாம். உலை வளாகத்தின் மேல் அது பறந்தாலே எத்தனை நகரங்கள் குழாயைத் திறக்கப் பயப்படும்?

1913-இல் கெய்ரோவின் மாதி பகுதியில் ஃபிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர் வளைந்த கண்ணாடிகளை வரிசையாக நிறுத்தி, வெயிலில் நீராவி எடுத்து, நைல் நீரை வயலுக்கு இறைத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு உலகப்போர் வந்தது; பிறகு எண்ணெய் வந்தது. வேலை செய்த ஒரு இயந்திரத்தை அந்த மண் நூறு வருடம் மறந்திருந்தது. இன்னொரு முறை மறக்கவிடாதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய போராட்டம் எதையும் அல்ல. அடுத்த முறை அந்த அட்டவணை உங்கள் கைக்கு வரும்போது, ஒப்பந்தத் தேதிக்கும் கிரிட்டில் சேர்ந்த தேதிக்கும் நடுவே உண்மையில் எத்தனை வருடம் ஆனது என்ற வரியைச் சேருங்கள். அந்த வருடங்களின் வட்டியைச் சேருங்கள். பேஸ் லோடு என்று ஒரே கோடு போடாமல், அந்த நாட்டின் ஆகஸ்ட் மாத நாளொன்றின் இருபத்து நான்கு மணி நேர லோடை மணிவாரியாக வரையுங்கள். துடைக்கும் தம்பியின் வேலை நேரத்தையும் போடுங்கள். எல்லாம் போட்டபின் அணுதான் ஜெயிக்கிறது என்றால் அப்படியே எழுதிக் கொடுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. யாராவது ஒரு வரியை எடுக்கச் சொன்னால், எடுத்தது ஏன் என்று ஒரு மெயிலாவது எழுத்தில் இருக்கட்டும்.

இளையவர்களுக்கு விசா பயம் இருக்கும். எனக்கும் இருந்தது, அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆகவே இதைக் கடைசியாகக் கேட்பது இருபது வருடம் கடந்த, மேலாளராகிவிட்ட மூத்தவர்களிடம். உங்களை நாளைக்கே யாரும் விமானம் ஏற்றிவிட மாட்டார்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் அலுவலகத்து இளைஞன் ஒருவன் “இதில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது சார்” என்று சொல்லும்போது, அவன் பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருங்கள். “ஆமாம், சேர்க்க வேண்டும்” என்று நீங்களும் சொல்லுங்கள். 2012-இல் அந்த அறையில் எங்களில் ஏழு பேர் இருந்தோம். ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

அன்புடன்,
வளைகுடாவில் இருபத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு மின்பொறியாளன்